பட்டியலில் இல்லாத ஊர்

"இல்லை" என்று யார் சொன்னாலும் ஷப்ரீன் நம்ப மாட்டாள். மனிதர் சொன்னாலும் சரி, கம்ப்யூட்டர் சொன்னாலும் சரி. அது அவள் பிறந்த கடையின் புத்தி. உத்திரமேரூர் பஜாரில் அவளுடைய அத்தா கிதர் முகம்மது பாய்க்கு இரும்புச் சாமான் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், மோட்டார் வாஷர், மண்வெட்டிப் பிடி என்று தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் அடைத்து வைத்திருப்பார். வந்தவர் கேட்டதை இல்லை என்று சொல்லி அவர் அனுப்பி நான் பார்த்ததில்லை. "கீது, கொஞ்சம் இரு" என்றுதான் ஆரம்பிப்பார். அரை மணி நேரம் ஆனாலும் எங்கிருந்தாவது எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

நான் சுலோச்சனா. விவசாயிகள் சேர்ந்து நடத்தும் எங்கள் உழவர் கம்பெனியில் கவுன்ட்டர் என் பொறுப்பு. விதை, உரம், அறுவடை மெஷின் எல்லாம் எங்கள் வழியாகத்தான் ஊர்களுக்குப் போகும். ஊரார் திட்டுவதை வாங்கிக்கொள்வதும், வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும் என் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொல்வார்கள். பொய் சொல்லவில்லை.

ஷப்ரீன் காஞ்சிபுரத்தில் பி.சி.ஏ. படித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள். நல்ல வேலைதான். ஆனால் ஓட்டையைக் கண்டுபிடிக்க மட்டும்தான் அவளுக்கு உரிமை, அடைக்க வேறு ஆள். கண்ணெதிரே ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கும் ரகம் அவள் இல்லை. எங்கள் கம்பெனியில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டாள்.

வந்த புதிதில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஒரே முகூர்த்தத்தை இரண்டு கல்யாணத்துக்கு விட்டிருந்தார். கேட்டால், தேதியைப் போட்டுத் தேடியபோது அன்றைக்கு யாரும் பதியவில்லை என்றுதான் கம்ப்யூட்டர் காட்டியது என்கிறார். ஷப்ரீன் பார்த்தாள். நாம் தேதியை முதலில் எழுதி மாதத்தைப் பிறகு எழுதுகிறோம். கம்ப்யூட்டரோ மாதத்தை முதலில் எடுத்துக்கொண்டிருந்தது. சித்திரையில் நடக்கும் கல்யாணத்தை அது மார்கழியில் போய்த் தேடிவிட்டு இல்லை என்று கையை விரித்திருக்கிறது. அதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எவருடைய கம்ப்யூட்டரில் ஒன்றும் வராவிட்டாலும் ஷப்ரீனுக்குத்தான் போன் வரும். கூச்சம், பவ்யம் என்பதெல்லாம் அவளிடம் கிடையாது. "நான் வந்தா வந்துடும்" என்பாள். வந்தும்விடும். அதனாலேயே சில நேரம் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இந்தத் தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

அறுவடை மெஷின் விஷயத்தில் எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்பெல்லாம் எந்த ஊர்க்காரன் உரக்கக் கத்துகிறானோ அந்த ஊருக்குத்தான் மெஷின் போகும். சாது ஜனங்களின் நெல் கழனியிலேயே கொட்டும். அதனால் போர்டு கூடித் தீர்மானம் போட்டது. வேண்டியவர்கள் முன்கூட்டிப் பதிந்து டோக்கன் வாங்க வேண்டும். மெஷின் ஓட்டுபவர் தன் போனில் எங்கள் வலைப்பக்கத்தைத் திறந்து ஊர்ப் பெயரைத் தொட்டால், அந்த ஊரில் பதிந்தவர்கள் வரிசையாக வருவார்கள். வந்த வரிசைப்படிதான் அறுப்பு. பட்டியலில் இல்லாத ஊரில் மெஷினை லாரியிலிருந்து இறக்கவே கூடாது. இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் டைரக்டர்களில் ஒருவரான தாண்டவராயன். மானாம்பதிப் பக்கம் ஏரிக்கழனி என்ற ஊர்க்காரர். குரல் பெரிசு, மனசும் பெரிசுதான். ஆனால் குரல்தான் முதலில் வந்து சேரும்.

அன்று ஏரிக்கழனியின் முறை. சாயங்காலத்துக்குள் மழை என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். தை மழை என்றால் முற்றிய நெல்லுக்கு எமன். அங்கே மங்கம்மா என்ற பெண்ணுக்கு ஒன்றரை ஏக்கர். புருஷன் இல்லாமல் ஒண்டியாகவே பயிர் வைப்பவள். முந்தின வாரக் காற்றில் அவள் பயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்தால் அங்கேயே முளைத்துப் போகும். அடுத்த கழனி தாண்டவராயனுடையது. அதுவும் அறுக்கத் தயார்.

காலையில் நான் கவுன்ட்டரைத் திறக்கும்போதே மெஷின் ஓட்டும் கன்னியப்பனிடமிருந்து போன்.

"யக்கா, ஏரிக்கழனி ரோட்டோரம்தான் நின்னுக்கினு கீறேன். ஊர் பேர அமுத்துனா ஒண்ணுமே வர மாட்டேன்து. 'பதிவு எதுவும் இல்லை'ன்னு காட்டுது."

"நல்லா பாரு. பத்து பேரு பதிஞ்சிருக்காங்க. நானேதான் டோக்கன் குடுத்தேன்."

"உங்க கையில இருந்தா இன்னாக்கா, என் போன்ல இல்லியே. திருமுக்கூடல் பக்கத்து லிஸ்ட்டு கரெக்ட்டா வருது. அங்க ஆளுங்க காத்துக்கினு கீறாங்க. பனி காயறதுக்குள்ள அங்கனா போயிடறேன்."

கதிரில் பனி ஈரம் இருக்கும்வரை மெஷினைக் கழனியில் இறக்க முடியாது. வெயில் ஏறியதும் இறக்கியாக வேண்டும். அந்த இடைவெளிதான் எங்களுக்கு இருந்தது. நான் வாயால் சொன்னால் கன்னியப்பன் கேட்க மாட்டான். கேட்கவும் கூடாது. கட்டுப்பாட்டை நானே உடைத்தால் நாளைக்கு ஊருக்கு ஒருத்தர் உடைப்பார்.

"நாஷ்டா துன்னியா?" என்றேன்.

"இன்னும் இல்ல."

"துன்னுட்டுப் போ. அதுவரைக்கும் நில்லு."

போனை வைத்த கையோடு மங்கம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. "இட்லி வெந்துக்கினு கீது. அவன எழுந்திரிக்க வுடாம நான் பாத்துக்கறேன். நீ அந்தக் கம்ப்யூட்டர பாரு" என்றாள்.

ஷப்ரீன் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள் நான் மாடிப்படியிலிருந்தே கத்தினேன். "ஏரிக்கழனியக் காணோம்டி!"

"காணோம்னு யாரு சொன்னா?"

"உன் கம்ப்யூட்டர்தான் சொல்லுது."

"அதுக்கு இன்னா தெரியும், சுலோக்கா? கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். கேள்வியே தப்பா இருந்தா அது இன்னா பண்ணும்?" என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டை என் மேஜைமேல் வைத்தாள். என் மேஜையில் எதையும் வைக்கக் கூடாது என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

உட்கார்ந்தாள். எங்கள் வலைப்பக்கம் டேட்டாபேஸைக் கேட்கும் கேள்வியைத் திறந்தாள். அதில் நான்கு நிபந்தனைகள் இருந்தன. இந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும், நெல் பயிராக இருக்க வேண்டும், டோக்கன் வாங்கியிருக்க வேண்டும், சேற்றில் ஓடும் செயின் மெஷின் கேட்டிருக்க வேண்டும். நான்கிலும் தேறியவர்தான் திரையில் வருவார்.

"கல்யாணத்துல பந்தி வாசல்ல நாலு பேர் நின்னுக்கினு ஆள உள்ள வுட மாட்டேன்றாங்கன்னு வெச்சிக்கோ" என்றாள் என்னிடம். "எவன் தடுக்கறான்னு தெரியணும்னா ஒவ்வொருத்தனா வூட்டுக்கு அனுப்பணும்."

செயின் மெஷின் நிபந்தனையை எடுத்தாள். ஒன்றும் வரவில்லை. டோக்கனை எடுத்தாள். இல்லை. நெல்லையும் எடுத்தாள். அப்போதும் "பதிவு எதுவும் இல்லை". மிச்சம் நின்றது ஊர் ஒன்றுதான்.

"அகப்பட்டான்" என்றாள்.

அதற்குள் கன்னியப்பனிடமிருந்து மறுபடி போன். வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசினான். "யக்கா, இந்தம்மா இலைய வுட்டு எய்ந்துக்க வுட மாட்டேன்து. ரெண்டு ரெண்டா வெச்சிக்கினே கீது. லாரிக்காரன் ஆரன் அடிக்கறான்." இன்னும் இரண்டு இட்லிக்கு நேரம் கொடு என்று கேட்டேன். எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஷப்ரீன் மட்டும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊரை விட்டுவிட்டு ஆளை நேராகத் தேடினாள். மங்கம்மா என்று போட்டதும் டபக்கென்று வந்துவிட்டாள். பெயர், ஏக்கர், டோக்கன், எல்லாம் இருந்தது. கூடவே ஊர் எண் என்று பதினேழு இருந்தது. எங்கள் டேட்டாபேஸில் ஊர்களுக்குத் தனியாக ஒரு டேபிள், அதாவது அட்டவணை. ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எண். பதிந்தவர்களின் டேபிளில் ஊர்ப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஊர்ப் பெயரைத் தொட்டால் அதன் எண் என்ன என்று முதல் டேபிளில் பார்த்து, அதே எண் உள்ளவர்களை இரண்டாவது டேபிளிலிருந்து கூட்டி வரும். ஷப்ரீன் ஊர் டேபிளைத் திறந்தாள். பதினாறு இருந்தது. அதற்கு அடுத்தது பதினெட்டு. ஏரிக்கழனி எல்லாருக்கும் கடைசியில், இருபத்தேழு என்ற எண்ணோடு உட்கார்ந்திருந்தது.

"பாரு சுலோக்கா. ஊரு வூடு மாறிப் போயிருக்கு. ஜனங்கள யாரும் கூட்டிக்கினு போகல."

வலைப்பக்கத்தை வெளியிலிருந்து பராமரிப்பவர் செங்கல்பட்டில் இருக்கும் ஆல்வின். போன் போட்டாள். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "ஆமா மேடம், பொங்கலுக்கு முன்னாடி உங்க டைரக்டர்தான் கூப்ட்டாரு. பதினேழு கூட்டுனா எட்டு வருது, ராசி இல்ல, கூட்டுனா ஒன்பது வர்ற மாதிரி இருபத்தேழு ஆக்கிக் குடுன்னாரு. ஒரு நம்பர்தானேன்னு மாத்திட்டேன்."

"ஒரு நம்பர்தானேவா? ஊரையே கெளப்பிட்டீங்க! பத்து பேரு நடுரோட்டுல நிக்கறாங்க!" என்று அவரை ஒரு பிடி பிடித்துவிட்டு வைத்தாள்.

எட்டுக்குப் பயப்படுவது எங்கள் பக்கத்தில் புதிது இல்லை. வண்டி எண் கூட்டினால் எட்டு வந்தால் பாதி விலைக்குக் கூட வாங்க ஆள் வராது. ஆட்டோக்காரர், லாரிக்காரர், படித்தவர், படிக்காதவர் எல்லாரும் ஒரே கட்சிதான். சிரிக்க எனக்கும் யோக்கியதை இல்லை. என் ஸ்கூட்டர் எண்ணைக் கூட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆனால் வண்டி எண்ணை மாற்றினால் வண்டி மட்டும்தான் மாறும். டேட்டாபேஸில் ஓர் எண்ணை இழுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று டைரக்டருக்கு எப்படித் தெரியும்? ஆல்வினுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாண்டவராயனே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். போடாமலே கேட்டிருக்கும்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீறீங்க அங்க? பனி காஞ்சிடுச்சி, மெஷின் கெளம்பறேன்னு நிக்குது! மானம் போவுது!"

ஷப்ரீன் சிரித்துவிட்டாள். "டைரக்டர் சார், ஊர நீங்கதான் தொலைச்சீங்க. நான் கண்டுபுடிச்சிட்டேன். பழையபடி பதினேழுன்னு ஒரு வரி போட்டா இந்த நிமிஷமே லிஸ்ட்டு வந்துடும். போடட்டுமா?"

"வேணாம்மா. பதினேழு வேணாம்."

"அப்ப எல்லாரையும் இருபத்தேழுக்கு மாத்தணும். ஒரு டேபிள் இல்ல சார், விதை, உரம், மெம்பர்னு எல்லா எடத்துலயும் கீறாங்க. அவசரத்துல கைய வெச்சா வேற எங்கயாவது ஒடையும். இன்னிக்கு முடியாது. எட்டு பெருசா, நெல்லு பெருசா? நீங்களே சொல்லுங்க."

தாண்டவராயன் குரல் தணிந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உனக்குத் தெரியாதும்மா. ஆடி மாசம் என் பையன் வண்டியில போயி வுயுந்தான் பாரு, அந்த வண்டி நம்பர கூட்டுனா எட்டு. வாங்கும்போதே எல்லாரும் சொன்னாங்க, நான்தான் கேக்கல. இடுப்புல ஆபரேஷன் பண்ணி, இப்பதான் வாக்கர் புட்ச்சி நாலு அடி வெக்கறான். கம்பெனியில இருந்து மெசேஜ் வரும்போதெல்லாம் என் பேரு பக்கத்துல அந்தப் பதினேழு வந்து நிக்குது. பாக்கவே முடியலம்மா."

ஷப்ரீன் காலை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"நீ ஒண்ணு பண்ணு" என்றார் அவர். "ஊருக்குப் பதினேழே போட்டுக்கோ. ஜனங்க நெல்லு வூடு வந்து சேரட்டும். என் பேர மட்டும் லிஸ்ட்டுல இருந்து எடுத்துடு. என் கழனி நிக்கட்டும். மயை வந்தா வரட்டும், நான் பாத்துக்கறேன்."

தன் நெல்லை மழைக்கு விட்டுக் கொடுப்பதாக ஒரு விவசாயி சொல்வது எவ்வளவு பெரிய பேச்சு என்று விவசாய வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும். அந்த மனிதரை அதுவரை வெறும் குரலாகவே நினைத்திருந்தேன்.

ஷப்ரீன் என்னைப் பார்த்தாள். "எங்க அத்தா ராசியான எழுநூத்தி எண்பத்தாறு வண்டி நம்பரா கெடைக்கற வரைக்கும் ஒரு வருஷம் வண்டியே எடுக்காம சைக்கிள்ல போனாரு. அவர நான் ஒரு வார்த்த கேட்டதில்ல" என்றாள் மெதுவாக. பிறகு போன் பக்கம் குனிந்தாள். "சார், லைன்ல இருங்க. யாரையும் எடுக்க மாட்டேன்."

அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் அடுத்து அவள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ஒரே விஷயம் டேட்டாபேஸில் இரண்டு இடத்தில் இருந்தால் அவளுக்குப் பிடிக்காது. உர மூட்டை ஒன்று இரண்டு பெயரில் பதிவாகியிருந்ததற்காக என்னோடு பாதி நாள் பேசாமல் இருந்தவள். அப்படிப்பட்டவள் ஊர் டேபிளில் பதினேழு என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு ஏரிக்கழனி என்று பெயர் கொடுத்தாள். கடைசியில் இருந்த இருபத்தேழாம் ஏரிக்கழனியை அழிக்கவில்லை. பதிந்தவர்களில் தாண்டவராயனைத் தேடி எடுத்து, அவர் ஒருவருடைய ஊர் எண்ணை மட்டும் இருபத்தேழு ஆக்கினாள். எடுத்த நிபந்தனைகளைத் திரும்பப் போட்டு, இரண்டு ஊரையும் தானே ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். பதிந்த தலை ஒன்றுகூடக் குறையவில்லை என்று சரிபார்த்த பிறகே என்னிடம் கன்னியப்பனைக் கூப்பிடச் சொன்னாள்.

அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத் திகைத்தான்.

"யக்கா, இன்னா கூத்து இது? ஏரிக்கழனி ரெண்டு கீது. ஒண்ணுல ஊரே கீது. இன்னொண்ணுல டைரக்டர் மட்டும் ஒண்டியா கீறாரு."

ஷப்ரீன் என் கையிலிருந்து போனை வாங்கினாள். "ரெண்டும் ஊருதான்ணே. மயை வர்றதுக்குள்ள ரெண்டையும் அறுத்துடுங்க."

மங்கம்மா கழனியில் தொடங்கி வரிசையாக அறுத்துக்கொண்டு போனார்கள். தூறல் விழ ஆரம்பித்தபோது கடைசி மூட்டைகளுக்கு மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்ததாக மங்கம்மா போனில் சொன்னாள். தாண்டவராயனுடைய மூட்டையும் அதே தார்ப்பாயின் அடியில்தான் இருந்தது.

மறுநாள் அவர் ஆபீசுக்கு வந்தார். ஷப்ரீன் எதிரில் உட்கார்ந்து, குரலை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, "எனக்கோசரம் தனியா ஒரு ஊரே வெச்சிருக்கறியாமே. ஜனங்க சிரிக்கறாங்கம்மா. ஒண்ணாக்கிடறியா?" என்று கேட்டார்.

"இப்ப மாட்டேன்" என்றாள் ஷப்ரீன். "உங்க பையன் வாக்கர தூக்கிப் போட்டுட்டு இந்த மாடிப்படி ஏறி வரட்டும். வந்து அவன் கையாலயே பட்டன அமுத்தட்டும். அன்னிக்கு ரெண்டு ஊரையும் ஒண்ணாக்கிடலாம்."

தாண்டவராயன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே துண்டைத் தோளில் போடவும் மறந்து, கையிலேயே பிடித்தபடி படி இறங்கிப் போனார்.